உட்கார்ந்து வாசிப்பவன்

ஜனவரி 9, வியாழன்

இன்றும் என் இடது கால்தான் வழக்கு.

புது இசைக்குழுவின் ஒத்திகை அஸர் தொழுகைக்குப் பிறகு தொடங்கியது. மெதுவான பகுதி. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிக்கையில் மேடைப் பலகையில் டொக், டொக் என்று சத்தம். எங்கள் இசை ஆசிரியை, உஸ்தாதா ஹாலா, தாளக் குச்சியை இறக்கினார். என்னைவிட வயதில் நன்றாகவே இளையவர். மனாமாவில் துணிக்கடைக்காரர் மகள். கெய்ரோவிலும் வியன்னாவிலும் இசை படித்துவிட்டு வந்து இப்போது எங்களைக் கட்டி மேய்க்கிறார்.

"பூ ஷாஹீன், அணிவகுப்பு எந்தப் பக்கம் போகுது? சொன்னா நாங்களும் பின்னாடியே வருவோமில்ல?"

பூ ஷாஹீன் என்றால் ஷாஹீனின் அப்பா, நான்தான். வயலின் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய? காவலர் பேண்டில் சேர்ந்த நாள் முதல் எனக்குத் தாளம் இடது காலில்தான் இருக்கிறது. திரும்பும் வழியில் முஹர்ரக் பாலத்தில் வண்டி நின்றபோதுகூட அது க்ளட்சை மிதித்து மிதித்துத் தட்டிக்கொண்டிருந்தது.

ஜனவரி 12

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு அவ்வப்போது வந்து போகும் காய்ச்சல் மாதிரி. இந்த முறை ஒரு காரணம் இருக்கிறது.

அணிவகுப்பு இசையில் நான் ஊதும் சுருள்கொம்புக்கு, அதாவது பிரெஞ்ச் ஹார்னுக்கு, பாட்டு கிடையாது. பெரிய குழல் 'உம்' என்னும். நாங்கள் 'பா' என்போம். உம்-பா, உம்-பா. பாட்டு முழுவதையும் ட்ரம்பெட்காரன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டு முன்னால் போவான். நான் இருபத்துநான்கு வருஷமாக 'பா'. மழையில் 'பா', ஆகஸ்ட் வெயிலில் 'பா', விமான நிலையத்தில் எந்த நாட்டு அதிபர் வந்து இறங்கினாலும் அவருக்கும் 'பா'.

இப்போது குவைத்துக்காரர் ஒருவர் எங்கள் குழுவுக்கென்றே ஓர் இசை எழுதிக் கொடுத்திருக்கிறார். முத்துக்குளிக்கும் படகுகளில் நஹ்ஹாம் பாடிய பாட்டின் சாயல். ஆட்கள் கயிறு இழுக்க, அந்தப் பாடகன் மட்டும் பாடிக்கொண்டே இருப்பானே, அந்தக் குரல். இரண்டாம் பகுதியின் ஆரம்பத்தில் அந்தக் குரலைக் கொம்புக்குக் கொடுத்திருக்கிறார். தனியாக. முன்னால் 'உம்' சொல்ல ஆளில்லை.

உஸ்தாதா இசைத்தாளை என் முன் வைத்து, "இது உங்களோடது" என்றார். கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

மனைவி பத்ரியாவிடம் சொன்னேன். அவள் பெண்கள் பள்ளியில் துணைத் தலைமையாசிரியை. வீட்டிலும் அந்தப் பதவியை விட்டுக்கொடுப்பதில்லை.

"ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலந்தான். பேசாம 'பா' வாசிச்சிட்டு வாங்களேன். உங்கள யாரு பாடச் சொன்னா?"

"இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. அதான் விஷயம்."

அவள் அடுப்படிக்குப் போனாள். தேநீர் மட்டும் இன்னொரு கோப்பை வந்தது.

பேண்டிலிருந்து இரவலாக வந்தவர்கள் நாங்கள் பதினான்கு பேர். காற்று வாத்தியமும் முரசும் எங்கள் பொறுப்பு. அரசின் தேர்வுக் குழு எங்களை ஏற்றுக்கொண்டால் இங்கேயே நிரந்தரம். இல்லையென்றால் திரும்பவும் வெயில், திரும்பவும் 'பா'. இந்த நாற்காலியை நான் விடப்போவதில்லை. எழுதியே வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

மானம் போச்சு.

ஒத்திகையில் அந்த இரண்டாம் பகுதி. என் பாட்டு முடிந்து வயலின்கள் எடுத்துக்கொண்டன. அப்போது பக்கவாட்டுக் கதவு திறந்தது. முதலில் இரண்டு ஆட்கள், பின்னால் தங்கக்கரை போட்ட பிஷ்த் மேலங்கியோடு அமைச்சகத்தின் துணைச் செயலர். சொல்லாமல் கொள்ளாமல் பார்க்க வந்திருக்கிறார்.

யாரும் எங்களுக்குக் கட்டளை கொடுக்கவில்லை. கொடுக்கத் தேவையே இல்லை. பதினான்கு பேரும் ஒரே நொடியில் எழுந்து நின்றோம். குதிகால்கள் சேர்ந்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. சனத் ட்ரம்பெட்டைத் தூக்கி மரியாதை வணக்க இசையை ஊத ஆரம்பித்தான்! முரசுக்காரர் உருட்டினார். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். நானும் — எழுதித்தான் ஆகவேண்டும் — 'பா' வாசித்தேன்.

வயலின் பெண்கள் வில்லைத் தூக்கியது தூக்கியபடி உட்கார்ந்திருந்தார்கள். துணைச் செயலருக்கு முதலில் ஒரே சந்தோஷம். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். இசை முடிந்ததும் உஸ்தாதாவிடம் கேட்டார்:

"பேண்டு நல்லாருக்கும்மா. ஆர்கெஸ்ட்ரா எப்ப வரும்?"

பிப்ரவரி 7

வெள்ளிக்கிழமை மச்பூஸ் கறிச்சோறு தொண்டையில் இறங்கவில்லை. சனத் வரவில்லை. பத்ரியாவின் தம்பி அவன். வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு வராமல் இருந்ததே கிடையாது.

பிப்ரவரி 9

உஸ்தாதா எங்களை மட்டும் உட்காரவைத்துப் பேசினார். கோபம் இல்லை. அது இன்னும் மோசம்.

தேர்வுக் குழுவில் பேச்சு மாறிவிட்டதாம். காற்று வாத்தியங்களுக்கு வெளிநாட்டிலிருந்து பழகின ஆட்களாகவே இறக்கிவிடலாம் என்கிறார்களாம்.

"ஊர்க்காரங்க இல்லாம தேசிய இசைக்குழுன்னு எப்படிங்க பேர் வைக்கிறதுன்னு கேட்டேன். பேர் வைக்க ஆள் எதுக்கு, பலகை போதுமேங்கிறாங்க." தண்ணீர் குடித்தார். "மே ஒண்ணாந்தேதி கச்சேரி வரைக்கும் அவகாசம் வாங்கியிருக்கேன். அன்னைக்குப் பாத்துட்டு முடிவு பண்ணுவாங்க. உங்களுக்கெல்லாம் சங்கீதம் வருது. உட்காரத்தான் வரல. யார் வந்தாலும் சரி, வாசிப்பு நிக்கக்கூடாது, நீங்க எழுந்திரிக்கக்கூடாது. அவ்வளவுதான்."

சனத் தலை குனிந்து, "கை தானா ஏறிடுச்சு உஸ்தாதா. கொட்டாவி மாதிரி" என்றான்.

அவ்வளவுதானாம்! இருபத்துநான்கு வருஷமாக ஒரு மனிதனை எழுந்திரு எழுந்திரு என்று பழக்கிவிட்டு, இப்போது உட்கார் என்றால்? சரி. பழகியது என்றால் மாற்றியும் பழகலாம். ஒட்டகத்தைக்கூட உட்கார வைக்கிறார்களே.

பிப்ரவரி 18

கால் தட்டுவதற்கு மருந்து கண்டுபிடித்துவிட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு இடது கால் பெருவிரலை வலது காலால் மிதித்துக்கொள்ள வேண்டும். வலிக்கிறது. சத்தம் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

நோன்பு. உதடு காய்ந்து கிடப்பதால் பகலில் ஊத முடியாது. ஆனால் உட்காரலாமே! இஃப்தாருக்கு முன் எங்கள் கூடத்தில் இரண்டு நாற்காலி போட்டு நானும் சனத்தும் உட்கார்ந்தோம். வாத்தியம் மடியில். வாயை மூடிக்கொண்டு அவரவர் பகுதியை முனகவேண்டும். திடீர் திடீரென்று பத்ரியா உள்ளே வருவாள். என் கல்யாண பிஷ்த்தைத் தோளில் போட்டுக்கொண்டு.

முதல் தடவை இருவரும் துள்ளி எழுந்தோம். இரண்டாம் தடவையும். மூன்றாம் தடவை அவள் ஹரீஸ் கஞ்சிப் பாத்திரத்தோடு வந்தாள், அதற்கும் எழுந்தோம்.

"அக்கா, ஒரு குரல் குடுத்துட்டு வாயேன்!"

"குரல் குடுத்துட்டு வந்தா அவன் விருந்தாளி இல்லடா, பால்காரன்."

சனத் தன் சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணியை அவிழ்த்து இடுப்போடு நாற்காலியைச் சேர்த்துக் கட்டிக்கொண்டான். அடுத்த முறை பத்ரியா வந்தபோது நாற்காலியோடு எழுந்து நின்றான். அவள் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"இத்தன வருஷத்துல நான் உள்ள வந்தப்ப ஒரு நாளாவது எழுந்திரிச்சிருக்கீங்களா? இன்னைக்கு மட்டும் என்ன துள்ளல்?"

ஆளுக்கு அல்ல, பிஷ்த்துக்குத்தான் கால் எழும்புகிறது. இதில் ஏதோ இருக்கிறது. நோன்பு நேரத்தில் மேற்கொண்டு யோசிக்கத் தெம்பில்லை.

மார்ச் 14

இன்று பத்ரியா ஐந்து முறை வந்தாள். மூன்று முறை உட்கார்ந்தே இருந்தேன்.

மார்ச் 21

எல்லா முறையும் உட்கார்ந்திருந்தேன். சனத் கட்டை அவிழ்த்தான், உடனே எழுந்தான், மறுபடி கட்டிக்கொண்டான்.

ஏப்ரல் 8

பெருநாள் முடிந்து முதல் முழு ஒத்திகை. என் பாட்டின் நடுவில் உஸ்தாதா காவலாளியை பிஷ்த் மாட்டி உள்ளே அனுப்பியிருக்கிறார், எங்களிடம் சொல்லவில்லை. பதினான்கு பேரில் ஒருவரும் அசையவில்லை. காவலாளிக்குத்தான் வருத்தம். "ஒருத்தராவது திரும்பிப் பாத்திருக்கலாம்" என்றார்.

பாட்டும் ஓரளவு வருகிறது. மூன்றாவது மூச்சில் மேலே ஏறும் இடம் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்த ஸ்வரம் நாலு தடவை ஊதினால் ஒரு தடவை உடைகிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

என்ன மனுஷங்கப்பா இவங்க.

கச்சேரிக்கு வரும் பெரிய விருந்தினர் தாமதமாக வரக்கூடும் என்று வரவேற்பு அதிகாரி வந்து சொன்னார். அவர் வந்ததும் இசையை நிறுத்தி, எழுந்து, வணக்க இசை வாசித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டுமாம். விட்ட இடத்திலிருந்து! நடுவில் எழுந்து கதவைத் திறந்துவிட்டு வந்து விட்ட மூச்சிலிருந்து தொடர இது என்ன தொலைபேசிப் பேச்சா?

உஸ்தாதா முடியாது என்றார். "முதல்லயே வந்தா நின்னு வாசிச்சு வரவேற்போம். நடுவுல வந்தா, பகுதி முடியற வரைக்கும் பின்னாடி நிப்பாரு. உலகத்துல எல்லாரும் அப்படித்தான் நிக்கிறாங்க."

அதிகாரி அவரோடு வாதாடவில்லை. நேரே எங்கள் பேண்டுக்குப் போய்விட்டார்.

மாலையில் மேஜர் அதீக் கூப்பிட்டார். எங்கள் பேண்டுத் தலைவர். அவரும் ஒரு காலத்தில் கொம்புக்காரர்தான் என்பார்கள். அவர் வாசித்து நான் கேட்டதில்லை. நாற்காலி காட்டவில்லை, நிற்கவைத்தே பேசினார்.

"சார்ஜண்ட் கானிம். உடுப்ப மாத்தினாலும் நீ யாரு?"

"காவலர்தான் ஐயா."

"பெரியவங்க உள்ள வரும்போது காவலர் என்ன பண்ணுவான்?"

"எழுந்து நிப்பான் ஐயா."

"தெரிஞ்சா சரி. போ."

உட்கார்ந்தால் இங்கே ஒழுங்கு நடவடிக்கை. நின்றால் அங்கே நாற்காலி போச்சு. எந்தப் பக்கம் போனாலும் அடி. பதினான்கு பேரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். நான் மூத்தவன் என்பதால் எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். நான் யார் முகத்தைப் பார்ப்பது?

ஏப்ரல் 26

பத்ரியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 'சும்மா இருங்க' என்பாள் என்று நினைத்தேன். அப்படிச் சொன்னால் பழியை அவள்மேல் போட்டுவிட்டு எழுந்துவிடலாம் என்று உள்ளே ஓர் அற்ப ஆசையும் இருந்தது.

அவள் சோற்றில் மீன்முள் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்: "படகுல நொகதா வந்தா நஹ்ஹாம் பாட்ட நிறுத்துவானா?"

நொகதா என்றால் கப்பல் தலைவன். அவள் தாய்வழியில் எல்லோரும் முத்துக்குளித்தவர்கள்.

"எனக்கெப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியாது. ஆனா அவன் நிறுத்தினா கயிறு இழுக்கறவனும் நிறுத்திடுவான். கயித்தோட அந்த முனையில ஒரு ஆள் தண்ணிக்குள்ள இருப்பானேன்னு யோசிச்சேன்."

முள்ளைத் தட்டோரம் வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். நானும் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 28

மற்ற பதின்மூன்று பேரிடமும் பேசினேன். நான் உட்காரப்போகிறேன், உங்கள் இஷ்டம் உங்களுடையது என்றேன். சனத், "மச்சான், எனக்கு இஷ்டம்னு ஒண்ணு கிடையாது, தலைத்துணி இருக்கு" என்றான். மற்றவர்கள் வாத்தியங்களைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கலைந்தார்கள்.

ஏப்ரல் 30

தூக்கமில்லை. உதட்டுக்கு எண்ணெய் தடவியிருக்கிறேன்.

மே 2, வெள்ளி

நேற்று நடந்ததை வரிசையாக எழுதவேண்டும்.

எட்டு மணிக்குத் தொடக்கம். முன்வரிசையில் நடுநாற்காலி காலி. இரண்டாம் வரிசையில் மேஜர், முழுச் சீருடையில், எனக்கு நேர் எதிரே. தேசிய கீதத்தை எழுந்து நின்று வாசித்தோம். அதுவரை எல்லாம் பழகிய வேலை. முதல் பகுதி முடிந்தது. கதவு திறக்கவில்லை. ஒருவேளை அவர் வரவே மாட்டார், தப்பித்தோம் என்று நினைத்தேன். ஆமாம், அப்படி நினைத்தேன்.

உஸ்தாதா என்னைப் பார்த்துக் குச்சியைத் தூக்கினார். ஆரம்பித்தேன்.

முதல் மூச்சு நன்றாக வந்தது. கூடம் அமைதியாக இருந்தது. எனக்குப் பின்னால் யாரும் இல்லை, முன்னால் யாரும் இல்லை, என் சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. நான் இப்படி ஒரு சத்தம் போடுவேன் என்று எனக்கே தெரியாது. இரண்டாவது மூச்சின் நடுவில் பின்கதவு திறந்தது. வெளிச்சம் விழுந்தது. பிஷ்த்தின் தங்கக்கரை தெரிந்தது.

கூடம் முழுவதும் எழுந்தது. நாற்காலிகள் மடங்கும் சத்தம் பின்னாலிருந்து முன்னால் அலையாக வந்தது. மேஜர் எழுந்து விறைப்பாக நின்றார். நின்று என்னையே பார்த்தார்.

என் முழங்கால் இரண்டும் என்னைக் கேட்காமல் இறுகின. பிருஷ்டம் நாற்காலியை விட்டு ஒரு நூல் எழும்பியிருக்கும், அது சத்தியம். அப்போது எனக்கு மேஜர் நினைவில்லை, தேர்வுக் குழு நினைவில்லை. தண்ணீருக்குள் இருக்கும் அந்த ஆள்தான் நினைவுக்கு வந்தான். யாரோ, பேர் தெரியாதவன். நான் நிறுத்தினால் கயிறு நின்றுவிடும். உட்கார்ந்தேன். மூன்றாவது மூச்சை எடுத்தேன்.

ஸ்வரம் உடைந்தது. அதே இடம். உடைந்து, ஒட்டிக்கொண்டு, மேலே ஏறியது.

எனக்கு இடப்பக்கம் ஒரு கிறீச்சல் கேட்டது. சனத்துக்கு அந்த இடத்தில் வாசிக்க ஒன்றுமில்லை, பாவம், சும்மா இருப்பவனுக்குத்தான் அதிகக் கஷ்டம். அவன் நாற்காலி ஒரு விரல் உயரம் எழும்பித் திரும்ப உட்கார்ந்தது. கறுப்புக் கோட்டுக்குள் சிவப்புக் கட்டம் தெரிந்தது. மற்ற பன்னிரண்டு பேரும் கல்லாக உட்கார்ந்திருந்தார்கள். வயலின்கள் பாட்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டன.

விருந்தினர் கதவருகிலேயே நின்றார். அந்தப் பகுதி முடியும்வரை ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. அவர் நின்றதால் கூடமே நின்றுகொண்டு கேட்டது. நாங்கள் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

பிறகு கைதட்டல். உஸ்தாதா ஹாலா என்னைக் கை காட்டி எழுப்பினார். அப்போது எழுந்தேன்.

"இசைக்கு மரியாதை குடுத்து நின்னாரு பாத்தியா" என்றேன் சனத்திடம்.

"இருட்டுல வழி தெரியாம நின்னிருப்பாரு மச்சான். முதல்ல இந்த முடிச்ச அவிழுங்க."

மே 4, ஞாயிறு

மேஜர் கூப்பிட்டார். சீருடையை இரண்டு தடவை தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். பத்ரியா வாசல் வரை வந்து, தோள்பட்டையில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டாள்.

இந்த முறையும் நிற்கவைத்துத்தான் பேசினார்.

"எழுந்திரிக்கல."

"இல்ல ஐயா."

"நான் சொல்லியும்."

"ஆமா ஐயா."

"பெரியவங்க வரும்போது உட்கார்ந்திருக்கறவன் என் அணியில நிக்க முடியாது." மேசையிலிருந்த தாளில் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார். கண் மங்கலாக இருந்தது, முதலில் படிக்க முடியவில்லை. தண்டனை என்றே நினைத்தேன். பணியிலிருந்து விடுவித்து இசைக்குழுவுக்கு அனுப்பச் சம்மதம் என்று இருந்தது.

"தேர்வுக் குழு நேத்தே கேட்டிருச்சு. பதினாலு பேரையும் கேக்குறாங்க. எனக்கு இனி புதுசா ஆள் பிடிக்கணும், உங்களால." முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. நான் சல்யூட் அடித்துத் திரும்பினேன். கதவுக்கு வந்துவிட்டேன்.

"கானிம். அந்த மூணாவது மூச்சு. நீ கடைசி நேரத்துல எடுக்கிற. முன்னாடியே எடுத்து வச்சுக்க, உடையாது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். உதட்டைக் கொம்புக்காரர்கள் குவிப்பதுபோலக் குவித்திருந்தார். அவரும் 'பா'தான் வாசித்திருப்பார், எத்தனை வருஷமோ. அவருக்கு யாரும் அப்படி ஒரு தாளைக் கொண்டுவந்து வைக்கவில்லை.

வண்டியில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல்.

மே 5

முன்னாடியே எடுத்தேன். உடையவில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

தேசிய நாள். பிழைப்பு தொடங்கியபின் முதன்முறையாக இந்த நாளில் சாலையோரத்தில், மடக்கு நாற்காலியில், வறுத்த கடலையோடு உட்கார்ந்திருந்தேன். பத்ரியா பக்கத்தில். சனத் இன்னும் வரவில்லை. ஒத்திகை நாலு மணிக்கு.

தூரத்தில் முரசு கேட்டதுமே இடது கால் ஆரம்பித்துவிட்டது. தட்டட்டும் என்று விட்டுவிட்டேன். பேண்டு தெருமுனையில் திரும்பி எங்கள் பக்கம் வந்தது. கொம்பு வரிசையில் எல்லாம் புது முகங்கள். உம்-பா, உம்-பா. என் பழைய இடத்தில் இருந்தவன் ஒரு மயிரிழை பின்தங்கினான், தோள்பட்டையில் வார் உறுத்துகிறது போல. முன்னால் மேஜர் அதீக். எங்களைக் கடக்கும்போது தலை திரும்பவில்லை. கண் மட்டும் திரும்பியது.

கடலை மடியிலிருந்து சிதற, எழுந்து விறைப்பாக நின்றேன். அவர்கள் வளைவைத் தாண்டும்வரை நின்றேன்.

பத்ரியா கீழேயிருந்து என் சட்டையை இழுத்தாள். "பிஷ்த் போட்டுக்கிட்டு வந்து வந்து பழக்கினேனே. இப்ப எதுக்கு எழுந்திரிச்சீங்க?"

"இப்ப நான் வாசிக்கலையே" என்றேன்.